வண்டிக்கு உடையவன் யார்?

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்குகின்ற பெரிய பொருள் மோட்டார் வண்டியேயாகும். தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த நம்மவரில் பலருக்கோ, வீடு வாடகையாயிருக்க, வண்டியே முதற்சொத்து. அந்த வண்டிக்குரிய பதிவுச் சீட்டை நாம் ‘கிராண்ட்’ என்கிறோம். அதில் காணப்படுவது ஒரே ஒரு பெயர். பெரும்பாலும் அது குடும்பத் தலைவனுடைய பெயராகவே இருக்கும். மாதத் தவணை கட்டுகிறவன் அவன்; சாலை வரியும் காப்புறுதியும் செலுத்துகிறவன் அவன்; சாவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பவனும் அவனே. ஆகவே, “என் வண்டி, என் இஷ்டம்” என்று அவன் சொல்லும்போது மறுத்துப் பேச வீட்டில் ஒருவருக்கும் வாய் எழுவதில்லை. அந்தச் சொல் நியாயந்தானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

நியாயத்தை வெறும் வார்த்தைகளைக்கொண்டு ஆராய்வதால் பயன் குறைவு. ஒரு குறிப்பிட்ட வண்டியை முன்னே நிறுத்திக்கொண்டு பார்ப்போம். புரோட்டோன் நிறுவனத்தின் எக்சோரா என்ற ஏழுபேர் வண்டியை ஜொகூரில் அறியாதார் இரார். அது 2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்தது. 2011 டிசம்பரில் ‘போல்ட்’ என்ற பெயரோடு அதே வண்டி டர்போ பொருத்தப்பெற்று வந்தது. முதலில் வந்த எக்சோராவின் எஞ்சின் கொடுத்த திருகுவிசை 150 நியூட்டன் மீட்டர். டர்போ பெற்ற எஞ்சினோ, 1561 கன சென்டிமீட்டரே உடையதாயிருந்தும், 205 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. அதுவும் நிமிடத்துக்கு 2000 சுற்று என்ற தாழ்ந்த நிலையிலேயே கொடுத்தது. குதிரைச் சக்தி 138. பாட்டி, பேரன், பானை, பாய் சகிதமாக ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவதற்கு இதைவிடத் தகுந்த ஏற்பாடு அந்த விலையில் வேறொன்று இருந்ததாக நாம் அறியோம்.

2023-ல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது. முதன்முதல் வந்த போல்ட் வண்டிகள் இன்று பதினான்கு வயதைக் கடந்துவிட்டன. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 1990 முதல் நடந்துவரும் ஒதுக்கீட்டு முறையினால், பத்தாண்டு நிரம்பிய வண்டி மீண்டும் பெருந்தொகை கட்டினாலன்றிச் சாலையில் நிற்கமுடியாது. பாலத்துக்கு இப்பாலோ பத்து வயது வண்டி தன் இரண்டாவது குடும்பத்தை அப்பொழுதுதான் தேடத் தொடங்குகிறது. கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இவ்வண்டிகளை இரண்டாங்கையாகவும் மூன்றாங்கையாகவும் வாங்குகிறவர்கள் யார்? லாரி ஓட்டுகிறவர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், செம்பனைத் தோட்டத்துக் கங்காணியின் மகன். அவர்களுக்கு அது ஆடம்பரம் அன்று. மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் குடும்பத்தை ஒருசேரக் கொண்டுபோக அவர்கள் கைக்கு எட்டிய வழி அதுவேயாகும்.

டர்போ என்பது யாது? இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில், நாம் கேட்கும் நியாயம் இந்த யந்திரத்தின் இயல்பிலேயே அடங்கிக் கிடக்கிறது. எஞ்சினில் எரிந்து முடிந்த புகை, சூட்டோடும் வேகத்தோடும் வெளியே பாய்கிறது. சாதாரண வண்டியில் அந்தச் சூடும் வேகமும் வீணாய்ப் போகின்றன. ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் அந்த வீணை வீணென்று விடச் சம்மதிக்கவில்லை. வெளியேறும் புகையைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் மறுபுறம் மாட்டிய இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று கண்டு, 1905-ல் அதற்கு உரிமைப் பத்திரம் கோரினார். காற்று மிகுதியானால் அதற்கேற்ப எண்ணெயும் மிகுதியாக எரியும். எரிவது மிகுந்தால் வலிமையும் மிகும். வெளியே எறியப்பட்டதை மீண்டும் உள்ளே உழைக்க வைத்த இக்கருத்தை மனித அறிவின் அழகிய வெற்றிகளில் ஒன்றென்றே நாம் மதிக்கிறோம்.

ஆனால் அதன் விலையையும் பார்க்கவேண்டும். அந்தச் சிறு சக்கரம் உள்ளங்கையில் அடங்கக்கூடியது. அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஒருபுறத்தில் உலைக்களத்துச் சூடு, மறுபுறத்தில் வெளிக்காற்று. இவ்விரண்டுக்கும் நடுவே அதன் அச்சு எதன்மேல் நிற்கிறது? கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தின்மேல் நிற்கிறது. எண்ணெய் கெட்டாலும், குறைந்தாலும், தாமதமாய் வந்தாலும் அந்த அச்சு இரும்போடு இரும்பாக உராயும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்து நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட்டால், ஓட்டம் நின்ற எண்ணெய் சூடு தணியாத அச்சின்மேலேயே கருகிக் கரியாகப் படியும். ஆகையால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மனைவி, “ஏன் இன்னும் இறங்கவில்லை?” என்று கேட்பாள். அந்த ஒரு நிமிடம் அவர் யந்திரத்துக்குச் செலுத்துகின்ற மரியாதை.

மரியாதை என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். இரும்புக்கு மரியாதையா என்பார்கள். அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்பயர் என்றொரு வண்டியை வெளியிட்டது. பொதுமக்கள் விலைகொடுத்து வாங்கக்கூடியதாய் முதன்முதல் வந்த டர்போ கார்களில் அது ஒன்று. அதன் எஞ்சின் அதிக அழுத்தத்தில் வேலை செய்ததால், எரிவாயு தாறுமாறாய் வெடித்து உள்ளுறுப்புகளைத் தட்டி நொறுக்காதபடி, நீரும் மெத்தனால் சாராயமும் கலந்த ஒரு திரவத்தைச் சிறுகச் சிறுகத் தெளிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அத்திரவத்துக்கென்று தனிக் கலயம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால் வலிமை தானே குறையும்படி பாதுகாப்பும் வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் செய்யவேண்டியது கலயம் காலியானபோது நிரப்புவது ஒன்றேதான். அதையும் பலர் செய்யவில்லை. இரண்டே ஆண்டுகளில், சுமார் 9600 வண்டிகளோடு, அதன் உற்பத்தி நின்றது. பின்னர் 1965-ல் நிறுவனமே, டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண எஞ்சினாக மாற்றித் தருவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. வலிமையை விரும்பி வாங்கியவர்களுக்கு அவ்வலிமையின் தாகத்தைத் தீர்க்க மனமில்லை.

நம் ஊரிலும் கதை வேறல்ல. போல்ட் வண்டியில் எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் உறுப்புக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் நாளடைவில் கசிந்து எண்ணெயை இழந்துவிடும் என்பது எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் தெரிந்த செய்தி. நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து அக்குழாயை மாற்றிக் கொடுத்தது. ஆனால் மூன்றாங்கையாய் வாங்கியவருக்கு, தம் வண்டியில் அது மாற்றப்பட்டதா இல்லையா என்பது தெரியுமா? அடியிலே குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பழக்கத்தைப்பற்றிச் சண்டை பிடிக்க இது இடமன்று. எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர், குனிந்தபடியே அந்தக் குழாயையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம் என்பதே நம் குறை.

இதுவரை பேணுதலைப்பற்றிச் சொன்னோம். இனி, மாற்றுதலைப்பற்றி.

பழைய டர்போ வண்டி வாங்கிய இளைஞனுக்கு ஒரு ஆசை தோன்றுகிறது. காற்றின் அழுத்தத்தை இன்னும் சிறிது கூட்டினால் என்ன? எஞ்சினின் மின்மூளையில் உள்ள கணக்கை மாற்றி எழுதுவோர் இருக்கிறார்கள். பெரிய இன்டர்கூலர் விற்கிறார்கள். அகலமான புகைக்குழாய் பொருத்துகிறார்கள். சில ஆயிரம் வெள்ளியில் குடும்ப வண்டி பந்தய வண்டிபோல உறுமும். இந்த ஆசையைப் பெரியவர்கள் ‘ஊதாரித்தனம்’ என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறார்கள். நாம் அப்படித் தள்ளச் சம்மதியோம்.

யந்திரத்தைத் திறந்து பார்க்கவேண்டும், திருத்தவேண்டும், மேம்படுத்தவேண்டும் என்கின்ற ஆசை அறிவின் ஆசை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் வரலாறு இதற்குச் சான்று. ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத அவர், ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அதை உறுப்புறுப்பாகக் கழற்றிப் பார்த்தார், மீண்டும் பூட்டினார். அப்படிக் கற்றவர் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழில் தொடங்கி, பெரும் போக்குவரத்து நிறுவனம் கண்டார். மின்மோட்டார் செய்யும் தொழிலையும் தம் ஊரில் நிலைநாட்டினார். மலாயாத் தோட்டங்களிலும் பட்டறை வேலை என்பது, பள்ளிக்கூடக் கதவு திறக்காத நம் பிள்ளைகளுக்குத் திறந்த ஒரு கதவாக இருந்ததன்றோ? காங்கில்லாமற் போன கையில் ஸ்பேனர் பிடித்தவன் இன்னொருவனுக்குக் கூலியாக நிற்காமல் தன் பெயரில் பலகை மாட்டிக்கொண்டான். ஆகவே வண்டியை மாற்றியமைக்கும் பையனைக் கண்டு நாம் முகஞ்சுளிக்கவில்லை. ஜொகூர்ப் பட்டறைகளில் கஞ்சில் வண்டிக்கு ஜப்பானியச் சிறு டர்போ எஞ்சினை மாட்டியவர்களும், வீரா வண்டிக்கு மிட்சுபிஷி டர்போ எஞ்சினை இறக்கியவர்களும் எந்தக் கல்லூரியிலும் அதைப் படித்தவர்கள் அல்லர். அவர்கள் கைத்திறனுக்கு நம் வணக்கம்.

நிற்க. நாயுடு செய்ததையும் நம் இளைஞர் பலர் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை புலப்படும். அவர் முதலில் அறிந்தார், பிறகு ஓட்டினார். இவர்கள் முதலில் கூட்டுகிறார்கள். அறிவது எண்ணெய் ஒழுகிய பிறகு. கூட்டுவதும் எதை? காதுக்குக் கேட்பதை, முதுகுக்குத் தெரிவதை. பிரேக்குக்கு ஓசை இல்லை. பிரேக்கு எண்ணெய் பழையதா புதியதா என்று சந்திப்பு விளக்கில் பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அதனால் அவை பழையபடியே கிடக்கின்றன.

கணக்கு எளியது. ஓடுகிற வண்டியிலுள்ள ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிற வண்டியை 110-க்கு ஓட்டினால், வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் நிறுத்துவதற்குப் பிரேக்கு விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பின்னால் ஏழு பேரும் மூட்டைகளும் இருந்தால் அதற்குத் தக்க இன்னும் கூடுகிறது. பிரேக்கு எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழியிடும். குமிழியிட்டால் மிதியை அழுத்திய கால் பஞ்சில் அழுந்தினாற்போல் உள்ளே போகும், வண்டி நிற்காது. நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம். பின் இரண்டு ஆண்டு. வாசகர் இன்றே இறங்கித் தம் வண்டியில் அதைப் பார்க்கலாம்.

இங்கே இளைஞன் ஒரு விடை சொல்லுகிறான். அதை நேர்மையாக எடுத்துரைக்க வேண்டியது நம் கடமை. “குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நான் விரைவதில்லை. அவர்கள் இருக்கும்போது மெதுவாகவே ஓட்டுகிறேன். இரவில் நான் மட்டும், நண்பர்களோடு, ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பார்க்கிறேன். அதனால் அவர்களுக்கு என்ன கேடு?” கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. மனிதனுடைய குற்றங்களை நாம் காலத்தைக்கொண்டு பிரிப்பது வழக்கம். நேற்று குடித்தவன் இன்று குடியாமலிருந்தால் இன்றைக்கு அவன் நிதானமுள்ளவன் என்கிறோம்.

ஆனால் இரும்பும் ரப்பரும் அப்படி மறப்பதில்லை. நேற்றிரவு அரைமணி நேரம் ஓடிய ஓட்டத்தில் ஏறிய சூடு, எண்ணெய்க் குழாயின் ரப்பரை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறது. பிஸ்டனின் தலையில் மயிரிழை வெடிப்பு ஒன்று தொடங்கியிருக்கலாம். பிரேக்குத் தகடு சூட்டில் கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருக்கலாம். நாளைக் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவன் மணிக்கு 60 கிலோமீட்டரில் பரம சாதுவாகப் புறப்படுகிறான். அவனோடு நேற்றைய இரவும் புறப்படுகிறது. அந்தக் குழாய் யோங் பெங்கில் வெடிக்குமா, ஆயர் ஹீத்தாமில் வெடிக்குமா என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. மாற்றியவன் தன் இன்பத்தைத் தனியே அனுபவித்துவிட்டான். அதன் கடனை மட்டும் குடும்பத்தின் பெயரில் எழுதிவைத்தான்.

இதில் நமக்கு மிகவும் உறுத்துவது ஆபத்தைக்காட்டிலும் அறியாமையே. தற்செயலான ஆபத்து எந்த வண்டியிலும் உண்டு. புதிய வண்டியிலும் டயர் வெடிக்கும். ஆனால் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, அழுத்தம் எவ்வளவு கூட்டப்பட்டது என்பது தெரியாது. கூட்டப்பட்டது என்பதே தெரியாது. மகன் ஏதோ ‘சர்வீஸ்’ செய்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். தன் உயிரை எதன்மேல் வைத்திருக்கிறோம் என்று அறியாமல் வைத்திருக்கிறாள். தெரிந்து சம்மதித்தவர்களுக்கு நேரும் கேடும், தெரியாமல் நம்பியவர்களுக்கு நேரும் கேடும் ஒன்றாகுமா? இந்நாட்டில் 2009 ஜனவரி முதல் பின்னிருக்கையில் இருப்போரும் பாதுகாப்புப் பட்டி அணியவேண்டும் என்பது சட்டம். அது அவளை ஓரளவு காக்கும். அவள் அறியாதபடி அவளைச் சுற்றி மாறிப்போன வண்டியைப்பற்றி அந்தப் பட்டி அவளுக்கு ஒன்றும் சொல்லாது. வண்டியின் அமைப்பை மாற்ற அனுமதி வேண்டும் என்று 1987-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருக்கிறது. ஜே.பி.ஜே. அதிகாரி சாலையில் நிறுத்திக் கேட்கலாம். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாது செய்த மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீட்டை மறுப்பதற்குக் காரணமாகலாம். இவை அரசாங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் நாம் சொல்லவேண்டியவை. வீட்டில் இருப்போருக்குச் சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லாதிருக்கவேண்டும்.

ஒன்று ஒப்புக்கொள்கிறோம். இரட்டை வழிச் சாலையில் செம்பனைக்குலை ஏற்றிய லாரியை முந்தும்போது, வலிமை போதாத வண்டி எதிர்ப்புறத்தில் நெடுநேரம் நிற்கவேண்டியிருக்கும். வலிமையுள்ள வண்டி விரைவில் தன் பக்கம் சேர்ந்துவிடும். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஆகவே வலிமை என்பதெல்லாம் கேடு என்று நாம் சொல்லவில்லை. வலிமையைக் கூட்டியவன் முதலில் பிரேக்கையும் டயரையும் குளிர்விப்பையும் கூட்டினானா என்பதே நம் கேள்வி. அந்த வரிசையில் செலவு செய்தவனைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சியே. கண்டது அபூர்வம்.

இனி, இவ்விஷயத்தில் மிகவும் கடினமான பகுதிக்கு வருகிறோம். எல்லாரும் விளையாட்டுக்காக வண்டியைக் கெடுப்பவர்கள் அல்லர். பேணவேண்டும் என்று தெரிந்தும் பேணமுடியாதவர்கள் இருக்கிறார்கள். 2009 அக்டோபரில் இந்நாட்டு அரசாங்கம் தேசிய மோட்டார்த் தொழில் கொள்கையைத் திருத்தியபோது, பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. ஏழைகளின் வண்டியைப் பறித்துப் புதுவண்டி விற்கப் பார்க்கிறார்கள் என்று மக்கள் பேசினார்கள். சில வாரங்களுக்குள் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. மக்களின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. வண்டியின் வயது அதன் குற்றம் ஆகாது. ஒழுங்காய்ப் பேணிய இருபது வயது வண்டி, கேட்பாரற்ற ஐந்து வயது வண்டியைவிட நல்லது. பஸ் வராத தோட்டத்துக்கு அருகில் குடியிருப்பவனிடம் ‘உன் வண்டியைத் தூக்கி எறி’ என்று சொல்லுகிறவர், அவன் எதில் வேலைக்குப் போவான் என்றும் சொல்லவேண்டும்.

ஆனால் பரிசோதனை போய்விட்டதென்றால் பரிசோதிக்கும் கடமையும் போய்விட்டதா? அரசாங்கம் விட்ட இடத்தில் அது நம் தலைமேலேயே வந்து நின்றது. அதை நாம் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டு மனிதரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் டயர் தேய்ந்திருப்பதை அறிவார். டயருக்கென்று வைத்த பணம் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குப் போயிற்று. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஓட்டுகிறார். மற்றொருவரும் டயர் தேய்ந்திருப்பதை அறிவார். டயருக்கென்று வைத்த பணத்தில் புகைக்குழாய் வாங்கினார். மழையில் இருவர் வண்டியும் ஒன்றுபோலவே வழுக்கும். சாலைக்கு அவர்கள் மனம் தெரியாது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரனின் வீட்டாருக்கும் அந்த வேற்றுமையால் ஆறுதல் வரப்போவதில்லை. அங்ஙனமாயின் இருவரும் ஒரே குற்றவாளிகளா? அல்லர் என்றே நம் மனம் சொல்லுகிறது. முன்னவர் ஒரு கடமைக்காக இன்னொரு கடமையைத் தள்ளிவைத்தார். பின்னவர் ஒரு கடமையை விற்று ஓசை வாங்கினார்.

எனினும் முன்னவரையும் அப்படியே விட்டுவிட நமக்கு மனமில்லை. ஏழ்மை அவரிடமிருந்து டயரைப் பறித்தது. வேகத்தைக் குறைக்கும் உரிமையை அது பறிக்கவில்லை. வண்டியின் உறுப்புகள் அனைத்திலும் காசில்லாமல் மாற்றக்கூடியது வேகம் ஒன்றே. 110-க்கு ஓட்ட அனுமதியுள்ள சாலையில் இடப்பக்க வழியில் 80-க்கு ஓட்டினால், மேலே சொன்ன வர்க்கக் கணக்கின்படி, பிரேக்கு விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிறது. இரண்டு புதிய டயரின் விலைக்கு அது ஈடாகாது. எனினும் ஒன்றுமில்லாமற் போவதைவிட எவ்வளவோ மேல். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். இதைச் சொன்னால், “வேலைக்கு நேரமாகிவிடும்” என்கிறார்கள். எட்டு மணிக்குப் பாலத்தைக் கடந்திருக்க வேண்டியவனின் அவசரம் நமக்குத் தெரியாததன்று. தேய்ந்த டயருக்கு அந்த அவசரம் தெரியவேண்டுமென்று எதிர்பார்ப்பதுதான் வியப்பு.

வண்டியை விற்கும் நாளில் இக்கேள்வி வேறு உருவம் கொள்ளுகிறது. மாற்றிய வண்டியை விற்க நினைப்பவன் முதலில் அதைப் ‘பழையபடி’ ஆக்குகிறான். மின்மூளையில் பழைய கணக்கை ஏற்றுகிறான். பெரிய புகைக்குழாயைக் கழற்றித் தனியே விற்கிறான். பழைய குழாயை மாட்டுகிறான். பிறகு விளம்பரத்தில் ‘ஒரிஜினல் நிலை’ என்று எழுதுகிறான். அவன் சொன்னது பொய்யா? இன்றைக்கு அந்த வண்டியில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் நிறுவனம் கொடுத்த வகையைச் சேர்ந்ததே. பரிசோதனை நிலையத்தில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் கிராண்டோடு ஒத்திருக்கின்றன.

மிலிந்த பஞ்ஞா என்ற பழைய பாலி நூலில் நாகசேனர் என்ற துறவி மிலிந்த அரசனைத் தேரைப்பற்றிக் கேட்கிறார். சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, ஒன்றும் தேரன்று என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். தேர் என்பது அவை கூடிய கூட்டத்துக்கு நாம் இட்ட பெயர் மட்டுமே என்று முடிகிறது அந்த உரையாடல். அரசாங்கத்துக்கு வண்டி என்பது இரண்டு எண். விற்பவனுக்கு அது உறுப்புகளின் பட்டியல். வாங்குகிறவன் வாங்குவதோ இவ்விரண்டையும் அல்ல. அந்த எஞ்சின் கடந்து வந்த நாட்களை அவன் வாங்குகிறான்; இனி அதில் எஞ்சியிருக்கும் நாட்களுக்கு விலை கொடுக்கிறான். மூன்றாண்டு மிகை அழுத்தத்தில் உழைத்த எஞ்சினைப் ‘பழையபடி’ ஆக்கினேன் என்பது, மூன்றாண்டு பாரம் சுமந்த முதுகின்மேல் புதுச் சட்டை போடுவது போன்றது. உறுப்பைத் திருப்பி மாட்டலாம். நாளைத் திருப்பி மாட்ட முடியாது. ஆகவே அது பொய்யே என்று துணிந்து சொல்லுகிறோம். வாய் திறந்து சொல்லாததனால் அது சிறு பொய்யாகிவிடவில்லை. வாங்குகிறவனும் ஏழு பேர் குடும்பத்துக்காகத்தான் அதை வாங்குகிறான்.

‘என் வண்டி, என் இஷ்டம்’ என்றவனை இப்பொழுது திரும்பப் பார்ப்போம். தவணை அவனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வண்டியில் மனைவியின் முதுகெலும்பும், குழந்தையின் கழுத்தும், எதிரே வருகிற முன்பின் அறியாத ஒருவனின் காலும், நாளைக்கு அதை வாங்கப்போகிறவனின் ஆறுமாதச் சேமிப்பும் பங்கு போட்டிருக்கின்றன. அவர்கள் பெயர் கிராண்டில் இல்லை. அவர்களுடைய பங்குக்கு வாடகையும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கக்கூடியது ஒன்றே: நீ இதற்கு என்ன செய்தாய் என்று எங்களுக்குச் சொல்.

அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வண்டியின் முன்பெட்டியில் வைத்தால் போதும். எண்ணெய் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும், பிரேக்கு எண்ணெய் மாற்றிய மாதம், டயரின் நான்கு இலக்கம், எண்ணெய்க் குழாய் மாற்றப்பட்டதா என்ற விவரம், டைமிங் பெல்ட்டின் வயது ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதலாம். காற்றழுத்தத்தைக் கூட்டியிருந்தால், எந்த நாளில், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எந்தப் பட்டறையில் என்பதையும் அதே மையால் அதே பக்கத்தில் எழுதவேண்டும். வண்டியை விற்கும்போது சாவியோடு அந்த நோட்டும் போகவேண்டும். விலையில் சில நூறு வெள்ளி குறையலாம்; கூடவும் செய்யலாம். என்றைக்காவது நெடும்பயணத்தில், வண்டி நிற்குமிடத்தில், மனைவி அதைப் புரட்டிப் பார்த்து, “இந்த எண் என்ன?” என்று கேட்பாள். அதற்கு அவன் அங்கேயே, எஞ்சினை அணைக்குமுன் காத்திருக்கிற அந்த ஒரு நிமிடத்தில், விடை சொல்லக்கூடியவனாக இருக்கவேண்டும்.